ஓசி அடியும் உயர்தெளிவுக் குழுவும்

எங்கள் வாரியத்தில் கண்ணுக்கு மரியாதை கிடையாது. ‘இயந்திரப் பாதுகாப்பு வாரியம்’ என்று வாசலில் ஆள் உயரத்துக்கு எழுதி வைத்திருக்கிறார்கள். எந்தத் தொழிற்சாலையில் எந்த மெஷின் ஆளைப் பதம் பார்க்கிறது என்று கண்டுபிடித்து அதற்குப் பூட்டுப் போடுவதுதான் எங்கள் வேலை. பூட்டுப் போடுமுன் அது செய்கிற அக்கிரமத்தைப் படம் எடுத்தாக வேண்டும். ‘மனிதக் கண் தவறலாம், களைக்கலாம், இரக்கப்படலாம். எனவே வாரியத்தின் சொந்தக் கேமராவில் பதிவானது மட்டுமே சான்று’ என்பது விதி. அந்தக் கேமராவைத் தோளில் தூக்கிக்கொண்டு அலைகிறவன் நான். பதினோரு வருஷமாக அலைந்ததில் ஒரு பக்கத் தோள் இறங்கிவிட்டது.

என் அண்ணி டப்பா மூடி செய்கிற கம்பெனியில் பிரஸ் ஓட்டுகிறார். தகட்டை உள்ளே வைத்து மிதியை மிதித்தால் மேலே இருக்கிற இரும்புத் தலை இறங்கும், ஒரே அடியில் மூடியாக்கிவிட்டு ஏறிக்கொள்ளும். வலது கையை உள்ளே விட்டு மூடியை எடுக்க வேண்டும். ஒரு நாளைக்கு நாலாயிரம் மூடி. அண்ணியின் மெஷினுக்கு ஒரு வியாதி. மிதிக்காமலேயே, அதற்குத் தோன்றியபோது, தலை இன்னொரு தரம் இறங்கும். அங்கே வேலை செய்கிற பெண்கள் அதற்கு ‘ஓசி அடி’ என்று பெயர் வைத்திருந்தார்கள்.

“இன்னைக்கு மூணு ஓசி, கொழுந்தனாரே,” என்பார் அண்ணி, செருப்பைக் கழற்றிக்கொண்டே. கீழ்வீட்டில் அவர்கள், மாடியில் நான். அண்ணன் முதுகுத்தண்டு போய்ப் படுத்த பிறகு அந்த வீட்டில் சம்பாதிக்கிற கை அண்ணியின் கைதான்.

“வேற மெஷின் கேளுங்க அண்ணி.”

“கேட்டேனே. வேற கம்பெனி கேளுன்னான் சூப்பர்வைசர்.”

அண்ணி எங்கள் வாரியத்துக்குப் புகார் எழுதினார். கூட வேலை செய்கிற பெண்ணின் போனில் எடுத்த படத்தையும் சேர்த்து அனுப்பினார். அதில் ஓசி அடி பளிச்சென்று விழுந்திருந்தது. பதினைந்தாம் நாள் பதில் வந்தது: ‘தாங்கள் இணைத்துள்ள படத்தில் காணப்படுவது வாரியத்தின் கேமராவால் காணப்படவில்லை. ஆகவே அது காணப்படவில்லை.’ அதை டைப் அடித்தவர் எனக்குப் பக்கத்து மேசை. மத்தியானம் என் தண்ணீர் பாட்டிலில்தான் தண்ணீர் குடிப்பார்.

சரி, வாரியத்தின் கேமராவோடு நானே போகிறேன் என்று கிளம்பினேன். அன்றைக்குப் பார்த்து அது உயிரை விட்டது. டேப்பை விழுங்கிக்கொண்டு, திறக்கவும் மாட்டேன், துப்பவும் மாட்டேன் என்று அடம்பிடித்தது. நான் ஒரு வரியில் குறிப்பு எழுதினேன்: ‘கேமரா பழுது. புதியது உடனே தேவை.’

குறிப்பு நாலு நாளில் திரும்பி வந்தது. ஓரத்தில் சிவப்பு மையில் செயலரம்மா கேட்டிருந்தார்: ‘உயர்தெளிவா, சாதாரணத் தெளிவா? விளக்குக.’

‘ஏதாவது ஒன்று போதும்’ என்று எழுதினேன். அது ஆறு நாளில் திரும்பியது. ‘ஏதாவது ஒன்று என்ற பெயரில் கேமரா எதுவும் சந்தையில் இருப்பதாகத் தெரியவில்லை. பொறுப்பற்ற பதில். விஷயம் குழுவுக்கு அனுப்பப்படுகிறது.’

இப்படித்தான் படத்தெளிவுத் தேர்வுக் குழு பிறந்தது. வாரியத் தலைவர், செயலரம்மா, தொழில்நுட்ப ஆலோசகர் என்று மூன்று பேர். ஆலோசகருக்கு ஆபீசில் ‘பிக்சல் சார்’ என்று பெயர். மனிதருக்குப் படத்தில் என்ன இருக்கிறது என்பது முக்கியமில்லை, படம் எத்தனை புள்ளிகளால் ஆனது என்பதுதான் முக்கியம். நான் நாலாவதாக, கதவோரம். நாற்காலி மூன்றுதான் அனுமதியாகியிருந்தது.

முதல் கூட்டத்தில் தலைவர் தொண்டையைச் செருமிக்கொண்டு பேசினார்.

“இது சின்ன விஷயமில்லை. நல்லா யோசிச்சுப் பாருங்க. படம் தெளிவா இருந்தா நாம நடவடிக்கை எடுத்தாகணும். தெளிவா இல்லைன்னா விசாரணை வைக்கலாம். நடவடிக்கை ஒரே நாள்ல முடிஞ்சுபோகும். விசாரணைன்னா எத்தனை பேருக்கு வேலை, யோசிங்க. இருபது வருஷமா இந்த வாரியம் நிலைச்சு நிக்குதுன்னா சும்மாவா?”

செயலரம்மா அதை ஒரு எழுத்து விடாமல் எழுதிக்கொண்டார். நான் கையைத் தூக்கினேன்.

“ஐயா, ஒரு மெஷின் தானா அடிக்குது. தினமும் மூணு, நாலு தடவை. அங்க ஒரு பொம்பள கையை விட்டுக்கிட்டு உக்காந்திருக்காங்க. எந்த கேமராவா இருந்தாலும் இரும்பு இறங்கறது தெரியும் ஐயா.”

“தெரியும், சரி. எவ்வளவு தெரியும்?” என்றார் பிக்சல் சார். தூக்கிய கையை இறக்கிக்கொண்டேன். வெற்றி அவருக்குத்தான்.

அடுத்த கூட்டத்துக்குக் கடையிலிருந்து விற்பனைப் பிரதிநிதி இரண்டு கேமராக்களோடு வந்தார். இரண்டும் உள்ளங்கை அளவுதான். என் பழைய பூதத்தை நினைத்துத் தோள் வலித்தது. சோதனைக்காகத் தலைவர் முகத்தை இரண்டிலும் எடுத்துச் சுவரில் போட்டுக் காட்டினார்கள். சாதாரணத்தில் தலைவர் ஒரு பொதுவான தலைவராக இருந்தார். உயர்தெளிவில் சாயம் முடிகிற இடத்தில் வெள்ளை முடி தொடங்குவது தெரிந்தது, மூக்கு முடி தெரிந்தது, காலையில் கழுவாமல் விட்ட இடம் தெரிந்தது.

“தொழில்நுட்பம் தேவைக்கு மேல போயிருக்கு,” என்றார் தலைவர்.

உடனே ஒரு தீர்மானம் வந்தது. அதிகாரி நிலையிலும் அதற்கு மேலும் உள்ளவர்கள் சாதாரணத் தெளிவிலும், மற்றவர்கள் உயர்தெளிவிலும் எடுக்கப்பட வேண்டும். இரண்டு தரப்பும் ஒரே படத்தில் வந்தால்? அதிகாரி நாலடி தள்ளி நிற்க வேண்டும். மெஷின் எந்த நிலையைச் சேர்ந்தது? இதற்குத்தான் மூன்று வாரம் ஆயிற்று. மெஷின் முதலாளியின் சொத்து, எனவே அதை முதலாளிக்குச் சமமாக வைத்துச் சாதாரணத்தில் எடுக்கலாம். அதில் அகப்படுகிற கை தொழிலாளியுடையது, ஆகவே கையை உயர்தெளிவில் எடுக்க வேண்டும் என்று செயலரம்மா கருத்துச் சொன்னார். மெஷினும் கையும் ஒரே இடத்தில் இருந்தால் என்ன செய்வது என்று நான் கேட்டேன். “அப்படி இருக்கக் கூடாதுங்கறதுக்குத்தானே நம்ம வாரியமே இருக்கு?” என்று அவர் என்னைக் கடிந்துகொண்டார்.

வீட்டுக்கு வந்து இதையெல்லாம் சொன்னேன். அண்ணி முதலில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். “மூக்கு முடியா? நிஜமாவா? ஐயோ, நான் பாக்கணுமே!” என்றார். பிறகு சிரிப்பு நின்றது.

“தம்பி, இன்னைக்கு ஏழு ஓசி. வளையல்ல உரசிட்டுப் போச்சு. கழட்டி வெச்சுட்டேன்.” கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “உங்க ஆளுங்க முடிவு பண்றப்போ எனக்கு இது இருக்குமா?”

அப்போதுதான் எனக்கு அந்தப் பாழாய்ப்போன யோசனை வந்தது.

பிக்சல் சார் இறுதிச் சோதனைக்கு ஒரு ‘மாதிரிக் காட்சி’ தேடிக்கொண்டிருந்தார். அதில் அசைவு வேண்டும், பளபளப்பு வேண்டும், மனிதத் தோலின் நிறமும் வேண்டும் என்றார். நான் மெல்ல, ஒன்றும் அறியாதவன் மாதிரி சொன்னேன்: “சார், ஒரு பிரஸ் இருக்கு. தகரம் பளபளன்னு இருக்கும். கை உள்ள போயிட்டு வந்துட்டு இருக்கும். எல்லாமே ஒரே இடத்துல.”

“அருமை!” என்றார். இரண்டு கேமராவையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தி, அண்ணியின் மெஷினை அரை நாள் எடுப்பது என்று முடிவானது. மூன்று ஓசியாவது மாட்டும். சோதனைக்கு சோதனையும் ஆச்சு, சான்றுக்கு சான்றும் ஆச்சு. என் சாமர்த்தியத்தை நினைத்து பஸ்ஸில் நானே சிரித்துக்கொண்டேன். அந்தச் சிரிப்புக்கு என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

கம்பெனியில் எங்களுக்கு நல்ல மரியாதை. சூப்பர்வைசர் மெஷினை எண்ணெய்த் துணியால் துடைத்து வைத்திருந்தான். அண்ணி என்னைப் பார்த்து ஒரு கண்ணைச் சிமிட்டிவிட்டு வேலையைத் தொடங்கினார். தகடு, மிதி, அடி, கை. தகடு, மிதி, அடி, கை. கை போனதும் தெரியாது, வந்ததும் தெரியாது. அந்த வேகத்தால்தான் இத்தனை மாதம் விரல்கள் மிஞ்சியிருந்தன.

பிக்சல் சார் இரண்டு திரைகளையும் மாறி மாறிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

“கை ரொம்ப வேகம். சாதாரணத்துல கலங்கலா வருது. இப்படி இருந்தா ஒப்பிட முடியாது. கையைக் கொஞ்சம் மெதுவா எடுக்கச் சொல்லுங்க.”

நான் தயங்கினேன். தயங்கினேன் என்று இப்போது சொல்லிக்கொள்கிறேன், எவ்வளவு நேரம் தயங்கினேன் என்று படத்தில் இருக்கிறது. இரண்டு விநாடி.

“அண்ணி, கொஞ்சம் மெதுவா.”

“மெதுவாவா? இதுகிட்டயா?” என்றார். பிறகு, கொழுந்தன் வேலைக்குக் கெட்ட பெயர் வரக் கூடாது என்று நினைத்திருப்பார் போல, மெதுவாக எடுத்தார். ஒரு மூடி. இரண்டு மூடி. ஐந்தாவது மூடியை எடுக்கும்போது தலை தானாக இறங்கியது. வலது கையில் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் போய்விட்டன.

நான் ஓடிப்போய் அண்ணியைப் பிடித்தேன். சூப்பர்வைசர் துணி தேடினான், அந்த எண்ணெய்த் துணிதான் அகப்பட்டது. கேமராக்களோடு வந்திருந்த விற்பனைப் பிரதிநிதி தரையில் உட்கார்ந்துவிட்டார். பிக்சல் சார் பின்னாலிருந்து கேட்டார்: “ரெண்டுலயும் பதிவாயிருக்கா?”

பன்னிரண்டாம் நாள் குழு கூடியது. அண்ணியையும் கடிதம் அனுப்பிக் கூப்பிட்டிருந்தார்கள், ‘மாதிரிக் காட்சியின் பகுதி என்ற முறையில்’. கையில் பெரிய கட்டோடு வந்தார். அவருக்கும் நாற்காலி இல்லை. நான் வெளியே போய் வாட்ச்மேனின் ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு வந்து போட்டேன்.

முதலில் உயர்தெளிவு. எங்கள் ஆபீஸ் கம்ப்யூட்டர் கிழடு, அவ்வளவு பெரிய படத்தை அதனால் சுமக்க முடியவில்லை. ஒரு படம் காட்டும், மூச்சு வாங்கும், நடுவில் இருபது முப்பதை விழுங்கிவிட்டு அடுத்ததைக் காட்டும். அண்ணியின் முகம் தெரிந்தது. நெற்றியில் வேர்வைத் துளி ஒவ்வொன்றும் எண்ணுகிற மாதிரி தெரிந்தது. மெஷினின் தலை மேலே இருந்தது. பிறகு நான் ஓடிக்கொண்டிருந்தேன். தலை இறங்கியதை கேமரா முழுங்கியதா, கம்ப்யூட்டர் முழுங்கியதா, அது திரையில் வரவே இல்லை.

அடுத்து சாதாரணம். அது தடங்கலில்லாமல் ஓடியது. தலை இறங்கியது, நன்றாகவே இறங்கியது. ஆனால் பிக்சல் சார் விளக்கைப் பார்த்துக் கேமராவை வைத்திருந்ததால் முகம் மட்டும் ஒரு மங்கலான உருண்டையாக இருந்தது.

தலைவர் விரல்விட்டுக் கணக்குப் பார்த்தார்.

“ஆக, உயர்தெளிவுல இந்தம்மா இருக்காங்க, விபத்து இல்லை. சாதாரணத்துல விபத்து இருக்கு, யாருக்குன்னு இல்லை. ரெண்டையும் சேர்த்துப் பார்த்தா...”

“சேர்த்துப் பார்க்க விதி இல்லைங்க ஐயா,” என்றார் செயலரம்மா.

“கம்ப்யூட்டரை மாத்திப் போட்டா எல்லாம் தெரியும்யா!” என்று நான் கத்தினேன். கம்ப்யூட்டர் வாங்குவது இந்தக் குழுவின் வரம்புக்குள் வராது என்று பதிவு செய்துகொண்டார்கள்.

பிக்சல் சார் அண்ணி பக்கம் திரும்பினார். மிகவும் பணிவாகத்தான் கேட்டார்.

“அம்மா, நீங்க சொன்னாத்தான் சரியா இருக்கும். ரெண்டு படத்துல எதுல உங்க கை உங்க கை மாதிரியே இருக்கு?”

அண்ணி சுவரைப் பார்த்தார். “ரெண்டுலயும் அஞ்சு விரல் இருக்கு,” என்றார். “எனக்கு ரெண்டுமே பிடிச்சிருக்கு சார்.”

“அப்படிச் சொன்னா எப்படிம்மா? ஒண்ணைச் சொல்லணும்.”

அதற்குள் செயலரம்மா ஒரு விஷயத்தைக் கண்டுபிடித்துவிட்டார். படம் எப்படி இருந்தாலும் சத்தம் இரண்டிலும் சுத்தமாக இருக்கிறது. ‘அண்ணி, கொஞ்சம் மெதுவா’ என்று ஒரு குரல் கேட்கிறது. அது யாருடையது? நான் கதவோரம் நின்றபடியே “என்னோடது,” என்றேன். நாலு மாதத்தில் அந்த அறையில் முதல் தடவையாக எல்லாருக்கும் ஒரு நிம்மதி வந்தது. வேலை நேரத்தில் தொழிலாளியின் கவனத்தைச் சிதறடித்ததற்கு மூன்று நாளில் விளக்கம் தருக என்று எனக்கு அங்கேயே மெமோ எழுதப்பட்டது. பிக்சல் சார் மெமோ எழுதிய பேனாவின் மூடியைக் கையில் வைத்துக்கொண்டு கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“அவனா சொன்னான்? நீங்க சொல்லச் சொன்னீங்க, அவன் சொன்னான்,” என்றார் அண்ணி.

“என் குரல் அதுல இல்லையேம்மா,” என்றார் பிக்சல் சார்.

அண்ணி எழுந்துவிட்டார். “சரி, விடுங்க. ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். அந்த மெஷின்ல இப்ப யாரு உக்காந்திருக்கா?”

தலைவர் பெருந்தன்மையாகச் சொன்னார்: “புதுசா ஒரு புகார் எழுதிக் குடுங்க. கேமரா வந்ததும் முதல் வேலையா எடுத்துடலாம்.”

அண்ணி என் பக்கம் திரும்பினார். “வா தம்பி,” என்றார். மெமோவை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு நானும் போனேன். போகட்டும், நாசமாய்ப் போகட்டும் அந்த வேலை என்றுதான் இருந்தது.

கம்பெனியில் அந்த மெஷினில் ஒரு புதுப் பெண் உட்கார்ந்திருந்தாள். வேலைக்கு வந்து ஒன்பது நாள். கையில் வளையல் போட்டிருந்தாள். அண்ணி நேராகச் சுவரோரம் போய், அந்த மெஷினின் மெயின் சுவிட்சை இடது கையால் கீழே இழுத்தார். பிறகு அதன் முன்னால் முதுகைக் கொடுத்து நின்றுகொண்டார். சூப்பர்வைசர் கத்திக்கொண்டு ஓடி வந்தான். முதலாளி அறையிலிருந்து போன் போயிற்று.

புகாருக்கு நாலு மாதமாக வராத என் வாரியம் நாற்பது நிமிஷத்தில் வந்தது. செயலரம்மா வந்தார், பிக்சல் சார் வந்தார், ஜீப்பில் வந்தார்கள். ‘உரிமம் பெற்ற இயந்திரத்தை அனுமதியின்றி நிறுத்துதல்’ என்று அச்சடித்த படிவமே அவர்களிடம் தயாராக இருந்தது. அப்படி ஒரு படிவம் இருப்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

“மேடம், இதுக்குப் படம் எடுக்க வேண்டாமா?” என்று கேட்டேன். “உயர்தெளிவுலயா, சாதாரணத்துலயா?”

“படம் எதுக்குய்யா? நாங்கதான் கண்ணால பாக்குறோமே,” என்றார் செயலரம்மா, எழுதுவதை நிறுத்தாமல்.

மெஷினுக்குச் சேதம் ஏதாவது உண்டா என்று பார்த்துக் குறிக்க வேண்டுமாம். சூப்பர்வைசர் அண்ணியைத் தள்ளிவிட்டு சுவிட்சை மேலே ஏற்றினான். மோட்டார் உறுமியது. புதுப் பெண் ஒரு தகட்டை வைத்து மிதித்தாள், தலை இறங்கி ஏறியது. மூடியை எடுக்கக் கையை நீட்டினாள். “எடுக்காதே!” என்று அண்ணி போட்ட கூச்சலில் வெடுக்கென்று கையை இழுத்தாள். தலை மறுபடி இறங்கியது. யாரும் மிதிக்கவில்லை. செயலரம்மாவுக்கும் பிக்சல் சாருக்கும் மூக்குக்கு நேரே, நாலடி தூரத்தில், முழு வெளிச்சத்தில் இறங்கியது.

செயலரம்மாவின் முகம் வெளுத்திருந்தது. மெல்ல என் பக்கம் திரும்பினார்.

“கேமரா ஏதாவது ஓடிட்டு இருந்துச்சா?”

“இல்லை மேடம்.”

“அப்பாடா,” என்றார். படிவத்தில் ‘இயந்திரம் நல்ல நிலையில் உள்ளது’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். பிக்சல் சார் அதன் கீழே போட்டார்.

புதுப் பெண் ஸ்டூலை விட்டு எழுந்து சுவரோரம் போய் நின்றுகொண்டாள். என்ன அதட்டியும் திரும்பி வரவில்லை. அண்ணி சூப்பர்வைசரை விலக்கிக்கொண்டு போய், சுவிட்சை மறுபடியும் இழுத்துக் கீழே இறக்கினார்.

“இதையும் எழுதிக்கோங்க மேடம்,” என்றார். “ரெண்டாவது தடவை.”